'ஈனா மீனா டீக்கா'... அர்த்தமே இல்லாத பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் பாதி மெட்ராஸ்!

காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓரகடம் கூட்ரோட்டைக் கடக்கும் கம்பெனி பஸ்களில் ஒரு சின்னப் பஞ்சாயத்து உண்டு. எந்தப் பாட்டைப் போடுவது? "அண்ணே, இளையராஜா போடுங்கண்ணே" என்று முன் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். "பையா, ஹிந்தி கானா..." என்று பின் சீட்டிலிருந்து இன்னொரு குரல் இழுக்கும். டிரைவர் கண்ணாடியில் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தனக்குப் பிடித்த தேவா பாட்டைப் போட்டுவிடுவார். பஞ்சாயத்து ஓவர்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஓரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செல்போனும் தயாராகின்றன. அவற்றைச் செய்யும் கைகள் காஞ்சிபுரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வருகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகின்றன. ஒரே லைனில் எட்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரே டீக்கடையில் பன் தின்கிறார்கள். ஆனால், பாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் அது 'உங்க பாட்டு', இது 'எங்க பாட்டு'.

இரண்டு பக்கமும் சட்டையைப் பிடித்துக்கொண்டு 'எங்க பாட்டு' என்று உரிமை கொண்டாடக்கூடிய ஒரு பாட்டு இருக்கிறது. 1957-ம் ஆண்டு வந்தது. 'ஈனா மீனா டீக்கா'. இந்திப் படம் 'ஆஷா'வில் கிஷோர் குமார் ஒரு முறையும், ஆஷா போஸ்லே ஒரு முறையும் பாடியது. இந்திப் பாட்டு என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கும் இதன் ஆரம்ப வரிகள் இந்தியே இல்லை. எந்த மொழி அகராதியிலும் அதற்குப் பொருள் கிடைக்காது. அதைவிட ஆச்சர்யம், அந்தப் பாட்டு உருவான கதையைத் தோண்டினால் பாதி வழிக்கு மேல் மெட்ராஸ் மண்ணாகவே வருகிறது.

ஊரெல்லாம் உளறிய காலம்

முதலில் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1955-ல் அமெரிக்காவில் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' பாட்டு முதலிடத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பதிவான பாட்டு அது; 'பிளாக்போர்டு ஜங்கிள்' என்ற படத்தில் வந்த பிறகுதான் தீயாகப் பற்றியது. அதே 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் லிட்டில் ரிச்சர்ட் என்ற இளைஞர் 'டுட்டி ஃப்ரூட்டி' பாடினார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் அவர் கத்துகிற கத்தலுக்கு அர்த்தமே கிடையாது. தன் மனதுக்குள் ஓடிய டிரம்ஸ் அடியை வாயால் சொன்னதுதான் அது.

வாயால் சொன்ன தாளம்! மிருதங்க வகுப்பு வாசலில் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இருக்காது. அதைப் பிறகு பார்ப்போம்.

ராக் அண்ட் ரோல் சூடு பிடித்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வேடிக்கைப் பாட்டுகள் வரிசையாகக் கிளம்பின. 'நாவல்டி பாட்டு' என்று அதற்குப் பெயர். புதுசாக ஏதாவது ஒரு குறும்பு இருக்க வேண்டும், கேட்டவுடன் சிரிப்பு வர வேண்டும், தெருவில் போகிற பையன் மறுநாளே பாட வேண்டும். இதுதான் அதன் இலக்கணம். 1958-ல் இந்த ரகப் பாட்டுகளுக்கு அமெரிக்காவில் ஒரு திருவிழாவே நடந்தது. ராஸ் பக்தசாரியன் என்பவர் 'விட்ச் டாக்டர்' பாட்டுக்கு ஒரு தந்திரம் செய்தார். டேப்பை மெதுவாக ஓடவிட்டுத் தன் குரலைப் பதிவு செய்து, பிறகு வழக்கமான வேகத்தில் ஓட்டினார். குரல் எலிக்குஞ்சு கத்துவதுபோல் ஆகிவிட்டது. இன்று செல்போன் ஆப்பில் குழந்தைகள் செய்கிற அதே வேலைதான். அந்தக் கீச்சுக்குரல்தான் அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு 'ஆல்வின் அண்ட் த சிப்மங்க்ஸ்' அணில்களாக மாறி, இன்றுவரை குட்டிகளின் டிவி வரைக்கும் வந்திருக்கிறது. ஊதா நிற மனிதர்களைத் தின்னும் பிராணியைப் பற்றி ஷெப் உலி பாடிய பாட்டும் அதே 1958-ல் முதலிடத்தைப் பிடித்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிராணிப் பாட்டை மூன்றாவது முறை கேட்கும்போது சிரிப்பு வருவதில்லை. ஜோக் தெரிந்துவிட்டால் பாட்டு காலி. 'ஈனா மீனா டீக்கா' அப்படியல்ல. அதில் ஜோக்கே இல்லை, தாளம்தான் இருக்கிறது. தாளம் பழசாவதில்லை.

ஜன்னலுக்கு வெளியே விளையாடிய குழந்தைகள்

'ஆஷா'வுக்கு இசை சி.ராமச்சந்திரா. மெட்டு அமைக்கும் அறைக்கு வெளியே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்களாம். யார் முதலில் பிடிக்க வேண்டும் என்று ஆள் பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஈனி மீனி' என்று தொடங்கும் எண்ணும் பாட்டு ஒன்று உண்டு. நம்மூர்ப் பிள்ளைகள் சொல்லும் 'இங்கி பிங்கி பாங்கி'யின் ஒன்றுவிட்ட அண்ணன். அந்தச் சத்தம் அறைக்குள் வந்து விழ, ராமச்சந்திராவும் அவருடைய உதவியாளர் ஜான் கோம்ஸும் அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது இந்தப் பாட்டைப் பற்றிக் காலம் காலமாகச் சொல்லப்படும் கதை.

கோம்ஸ் கோவாக்காரர். சத்தத்தோடு சத்தமாக அவர் தன் தாய்மொழியான கொங்கணியில் ஒரு சொல்ஜோடியை நடுவில் செருகிவிட்டார். கேட்பவர்களுக்கு அதுவும் உளறல்தான். கொங்கணி தெரிந்தவர்களுக்கு மட்டும் அது 'எனக்கு வேண்டாம்' என்று கேட்கும்! ஆக, அர்த்தமில்லாத வரியில் ஒரு மூலையில் அர்த்தம் ஒளிந்துகொண்டிருக்கிறது. 'வேண்டாம்' என்ற சொல்லை இந்தியா முழுக்கச் சந்தோஷமாகப் பாட வைத்த குறும்பு அது.

மேற்கத்திய இசைக்குறிப்பை வாசிக்கத் தெரிந்த கோவா கலைஞர்கள் இல்லாமல் அன்றைய பம்பாய் சினிமா இசை இல்லை. கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் சிறுவயதிலேயே வயலினும் குறிப்பு வாசிப்பும் கற்றுக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். இரவில் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்துவிட்டு, பகலில் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். இசையமைப்பாளர் வாயால் பாடிக் காட்டும் மெட்டை இருபது முப்பது பேர் சேர்ந்து வாசிப்பதற்கு ஏற்ற தாளாக மாற்றுவது அவர்களின் வேலை. டிரம்பெட் எங்கே நுழைய வேண்டும், சாக்ஸபோன் எங்கே பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் டைட்டிலில் கூட வரவில்லை. ராமச்சந்திராவோடு நெடுநாள் பணியாற்றிய டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லெட், 'அல்பேலா' படத்தில் தன் பேண்டோடு திரையிலேயே தோன்றினார். அது அபூர்வமான அதிர்ஷ்டம். மற்றவர்கள் எல்லோரும் வாசித்தார்கள், சம்பளத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார்கள். 'ஈனா மீனா டீக்கா'வில் குரல் ஓய்கிற இடங்களில் எல்லாம் ஊதுகிறார்களே, அந்த ஊதலுக்கு யார் யார் பொறுப்பு என்று இன்று எந்த ரசிகரைக் கேட்டாலும் பதில் வராது. பாட்டில் பாதி அந்த ஊதல்தான்.

தமிழில் பிள்ளையார் சுழி போட்ட மராட்டியர்

இனி மெட்ராஸ் கதைக்கு வருவோம்.

சி.ராமச்சந்திரா மராட்டியர். அகமதுநகர் மாவட்டத்துப் புண்தாம்பே ஊரில் 1918-ல் பிறந்தவர். இந்தித் திரையின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவராக அறியப்பட்ட இவர், முதன்முதலில் தனியாக இசையமைத்தது தமிழ்ப் படங்களுக்கு! 'ஜெயக்கொடி', 'வனமோகினி' என்ற இரண்டு படங்கள். 1941-ல் வந்த 'வனமோகினி', டார்ஸான் கதையைப் பெண்ணாக மாற்றிய காட்டுக்குள் நடக்கும் கதை. யாழ்ப்பாணத்துத் தவமணி தேவி கதாநாயகி, எம்.கே.ராதா நாயகன். ஹாலிவுட் நடிகைபோல் உடுத்திக்கொண்டு தவமணி தேவி யானையோடு திரிந்ததை அந்தக் காலத்து ரசிகர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

அந்தப் படத்தின் இயக்குநர் யார் தெரியுமா? பகவான். பின்னாளில் 'அல்பேலா'வில் குண்டு உடம்பை லேசாக அசைத்து ஆடி இந்தியாவையே ஆடவைத்தாரே, அதே பகவான் தாதா. பகவானும் ராமச்சந்திராவும் சேர்ந்து, தங்களுக்குத் தெரியாத மொழியில் படம் எடுத்திருக்கிறார்கள். பாட்டின் அர்த்தம் புரியாமல், ஓசையை மட்டும் நம்பி மெட்டுப் போடும் பயிற்சி ராமச்சந்திராவுக்கு அப்போதே கிடைத்துவிட்டது என்று சொன்னால் அது மிகையல்ல. மொழி தெரியாத ஊரில் இசையமைத்தவருக்கு, மொழியே இல்லாத பாட்டு ஒரு விஷயமா!

அதோடு உறவு விட்டுப்போகவில்லை. 1954-ல் எம்.ஜி.ஆர் நடித்த 'மலைக்கள்ளன்' கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் தயாரானது. ஸ்ரீராமுலு நாயுடு அதை 'ஆசாத்' என்ற பெயரில் இந்தியில் எடுத்தபோது இசைக்கு ராமச்சந்திராதான். முதலில் நௌஷத்தை அணுகியதாகவும், 'ஒரு மாதத்தில் இத்தனை பாட்டு போடுவதற்கு என்னிடம் தொழிற்சாலையா இருக்கிறது' என்கிற தொனியில் அவர் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். ராமச்சந்திரா ஒப்புக்கொண்டு சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தார். பாட்டெல்லாம் ஹிட். அடுத்து ஜெமினி எஸ்.எஸ்.வாசனின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' 1958-ல் வந்தது. வைஜயந்திமாலாவும் பத்மினியும் போட்டி போட்டு ஆடும் 'கண்ணும் கண்ணும் கலந்து' நினைவிருக்கிறதா? தாத்தா பாட்டியிடம் கேட்டால் இன்றைக்கும் சேரில் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நடனத்துக்கு இசை அமைத்த கைதான் அதற்கு முந்தைய ஆண்டு 'ஈனா மீனா டீக்கா'வுக்கும் இசை அமைத்தது.

இதே மனிதர் 1963 ஜனவரி 27-ம் தேதி டெல்லியில் லதா மங்கேஷ்கர் பாட, நேரு கண் கலங்கிய 'ஏ மேரே வத்தன் கே லோகோ'வுக்கும் இசையமைத்தார். சீனப் போரில் இறந்த வீரர்களுக்கான அஞ்சலி. ஒரே ஆள், ஆறு ஆண்டு இடைவெளியில், தேசத்தைச் சிரிக்க வைத்து, பிறகு அழவும் வைத்தார். முதல் பாட்டை 'சின்னப்பிள்ளைத்தனம்' என்று ஒதுக்குகிறவர்கள் இரண்டாவதை மட்டும் தூக்கிப் பிடிப்பார்கள். முதலாவது எளிதான வேலை என்று நினைப்பதுதான் அதில் இருக்கும் பிழை.

'ஆஷா'வின் இயக்குநர் எம்.வி.ராமன். தமிழர். ஏவி.எம்-மில் இருந்தபோது, 'வாழ்க்கை' படத்துக்குப் புதுமுகம் தேடிக்கொண்டிருந்தவர், மெட்ராஸ் கோகலே ஹாலில் பரதநாட்டியம் ஆடிய சிறுமியைப் பார்த்து அசந்துபோனார். திருவல்லிக்கேணிப் பெண்ணான அந்தச் சிறுமிதான் வைஜயந்திமாலா. 1949-ல் 'வாழ்க்கை' வெளிவந்தது. அதன் இந்தி வடிவமான 'பஹார்' படத்தை ராமனே இயக்கினார், வைஜயந்திமாலாவை வடக்கே அழைத்துப் போனார். 'ஆஷா'வின் கதாநாயகியும் அவர்தான். ஆஷா போஸ்லே பாடிய இரண்டாவது 'ஈனா மீனா டீக்கா'வுக்குத் திரையில் வருபவர் அவர். பரதநாட்டியத்தில் ஊறிய உடம்பு ராக் அண்ட் ரோலுக்கு வளைவதைப் பார்ப்பதற்காகவே அந்தக் காட்சியை ஒரு முறை தேடிப் பார்க்கலாம். 2024-ல் பத்ம விபூஷண் வாங்கியபோது அவர் வயது 90.

ஆக, இயக்கியவர் தமிழர், ஆடியவர் தமிழர், இசையமைத்தவர் தமிழில் பிள்ளையார் சுழி போட்டவர். இனி பஸ்ஸில் யாராவது 'அது அவங்க பாட்டு' என்றால், எழுந்து நின்று ஆட்சேபிக்கலாம்.

கிஷோருக்கு அங்கே கிடைத்தது, சந்திரபாபுவுக்கு இங்கே...

கிஷோர் குமார் முறையாக இசை படித்தவர் அல்ல. ஆனால், குரலைத் தொண்டையிலிருந்து தலைக்குத் தாவவிட்டு உருட்டும் 'யோடலிங்' அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அர்த்தம் இருக்கும் பாட்டில் சோகமா, காதலா என்று வார்த்தையே சொல்லிவிடும். அர்த்தம் இல்லாத பாட்டில் அந்த வேலை முழுவதும் குரலின் தலையில் விழுகிறது. 'ஈனா மீனா டீக்கா'வில் கிஷோர் செய்வது அதைத்தான். வார்த்தை காலி, குரல் நிரம்பி வழிகிறது.

அதே வித்தை தமிழில் ஒருவரிடம் இருந்தது. ஜே.பி.சந்திரபாபு. தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, மெட்ராஸுக்கு வந்தவர். இந்த இரண்டு குரல்களையும் ஒரே நூலில் கட்டுகிற படம் ஒன்று இருக்கிறது. அதையும் இயக்கியவர் எம்.வி.ராமன்தான்! இந்தியில் 'லட்கி', தமிழில் 'பெண்'. 'லட்கி'யில் கிஷோர் நடித்தார். தமிழில் 1954-ல் வந்த 'பெண்' படத்தில் நடித்தவர் எஸ்.பாலசந்தர். ஆம், பின்னாளில் உலகம் போற்றிய வீணை எஸ்.பாலசந்தர். அவருக்குத் திரையில் பாட்டுக் குரல் கொடுத்தவர் சந்திரபாபு. வீணை மேதை வாயசைக்க, சந்திரபாபு பாடியிருக்கிறார்! அதே ஆண்டு அதே பாலசந்தர்தான் பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கினார் என்பதும் தனிச் சுவை.

ராக் அண்ட் ரோல் என்ற பெயரையே தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்ததும் சந்திரபாபு குரல்தான். 1958-ல் வந்த 'பதிபக்தி'யில் அவரும், கர்நாடக இசை வழியில் வந்த வி.என்.சுந்தரமும் சேர்ந்து பாடினார்கள். எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. உழைப்பாளிகளுக்காக எழுதிய பாட்டுக்கோட்டையார் ராக் அண்ட் ரோலையும் விட்டுவைக்கவில்லை. அதே ஆண்டு 'உத்தமபுத்திரன்' படத்தில் ஜி.ராமநாதன் 'யாரடி நீ மோகினி' என்று சிவாஜியை ஹெலனோடு ஆடவிட்டார். கர்நாடக ராகங்களைக் கொட்டிக் கொடுத்த அதே ஜி.ராமநாதன்! இரண்டும் ஒரு மனிதருக்குள் சண்டையில்லாமல் இருந்தன.

ரேடியோ கதவை மூடியது, கடல் கதவு திறந்தது

இதெல்லாம் பெரியவர்களுக்குப் பிடித்ததா? இல்லவே இல்லை. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக 1952-ல் வந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டே ஆகாது. அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு காணாமல் போனது. சாஸ்திரிய இசையைக் கேட்டு மக்கள் திருந்துவார்கள் என்பது கணக்கு. மக்கள் திருந்தவில்லை. ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். இந்தியில் 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' அங்கிருந்து ஒலிக்கத் தொடங்கியது. தமிழில் மயில்வாகனன் குரலுக்காக யாழ்ப்பாணம் முதல் நாகர்கோவில் வரை காத்துக்கிடந்தார்கள். அரசாங்கத்துக்கும் புத்தி வந்து, 1957 அக்டோபர் 3-ம் தேதி 'விவித் பாரதி'யைத் தொடங்கினார்கள். 'ஈனா மீனா டீக்கா' வந்த அதே ஆண்டு!

அப்போது ராக் அண்ட் ரோலின் மீது இருந்த பெரிய குற்றச்சாட்டு, 'அர்த்தமில்லாத கூச்சல்'. இங்கேதான் மிருதங்க வகுப்பு வாசலுக்குத் திரும்ப வேண்டும்.

தில்லானாவுக்கு என்ன அர்த்தம்? கச்சேரி முடியும் நேரத்தில் வித்வான் பாடுகிற தில்லானாவில் பெரும்பகுதி வெறும் ஜதிச் சொற்கள். கடைசியில் இரண்டு வரி சாகித்யம் வரும். அதை யாரும் கூச்சல் என்று சொன்னதில்லை. சிக்கலாரும் மோகனாம்பாளும் அதை வைத்துத்தான் தமிழ்நாட்டின் மனதில் இடம் பிடித்தார்கள். கொன்னக்கோல் முழுக்க முழுக்க வாயால் சொல்லும் தாளம். நாற்று நடும்போது 'தன்னானே', படகு தள்ளும்போது 'ஏலேலோ', தொட்டில் ஆட்டும்போது 'ஆராரோ'... இதில் எதற்கு அகராதி வேண்டும்? அர்த்தமில்லாத சொல்லைக் கொண்டு வேலையை, தூக்கத்தை, நடனத்தை எல்லாம் நடத்திக்கொண்ட ஊர் இது. உளறல் சொற்கள் நிறைய, நடுவில் கொஞ்சம் பொருளுள்ள வரிகள் என்ற 'ஈனா மீனா டீக்கா'வின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், அது கோட் சூட் போட்ட தில்லானா!

லிட்டில் ரிச்சர்ட் டிரம்ஸை வாயால் சொன்னதும், நம் வித்வான் மிருதங்கத்தை வாயால் சொன்னதும் ஒரே காரியம்தான். அதனால்தான் அந்த அந்நியத் தாளம் இங்கே வந்தபோது அர்த்தமுள்ள பாட்டு வழியாக நுழையவில்லை. நமக்குப் பழக்கமான உளறல் வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. பிறகு அந்த வாசல் மூடவே இல்லை. 1994-ல் 'முக்காலா முக்காபுலா', 2008-ல் 'நாக்க முக்க' என்று அவ்வப்போது யாராவது நுழைந்துகொண்டே இருக்கிறார்கள். 2011 நவம்பரில் அனிருத் இசையில் தனுஷ் பாடிய 'கொலவெறி' வந்தபோது, பாட்னாவிலும் புவனேஸ்வரிலும் தமிழ் தெரியாதவர்கள் பாடினார்கள். 1957-ல் தெற்கே வந்த கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

பாகம் பாகமாக வந்து பூட்டியது

ஓரகடத்தில் இன்று புல்லட் தயாரிக்கும் இளைஞர்களுக்கு இன்னொரு கணக்கு பிடிக்கும். ராயல் என்ஃபீல்டு ஓரகடத்துக்கு வந்தது 2013-ல், வல்லம் வடகாலுக்கு 2017-ல். ஆனால், மெட்ராஸில் புல்லட் கதை தொடங்கியது 1955-ல், திருவொற்றியூரில். அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் முதலிடம் பிடித்த அதே ஆண்டு! முதலில் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும், இங்கே பூட்டுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு பாகத்தையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். பிறகு இங்கிலாந்துக் கம்பெனி நின்றுபோனது, மெட்ராஸ் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இன்று அந்த வண்டி ஓரகடத்திலிருந்து இங்கிலாந்துக்கே போகிறது.

பாட்டும் அப்படித்தான் வந்தது. அமெரிக்கத் தாளம், ஆங்கிலக் குழந்தைகளின் எண்ணும் பாட்டு, கோவாக்காரரின் கொங்கணிச் சொல், ராஜேந்திர கிஷனின் இந்தி வரிகள், கண்ட்வாவில் பிறந்த கிஷோரின் யோடலிங், மெட்ராஸ் இயக்குநர், திருவல்லிக்கேணி நடனம். எல்லாம் தனித்தனி பாகம். பூட்டி முடித்தபோது அது எந்த ஊர்ச் சரக்கு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஓடியது. அவ்வளவுதான்.

எம்.வி.ராமன் 1959-ல் 'ஆஷா'வைத் தமிழில் 'அதிசயப் பெண்' என்று மறுபடி எடுத்தார். நாயகன் நாகேஸ்வர ராவ், நாயகி அதே வைஜயந்திமாலா. கதையைத் தமிழாக்கினார்கள், வசனத்தைத் தமிழாக்கினார்கள், பெயர்களை மாற்றினார்கள். அந்தப் பாட்டும் தமிழுக்கு வந்தது. மொழிபெயர்ப்பதற்கு எதுவும் இல்லாத அதன் முதல் வரி மட்டும், தமிழிலும் அப்படியே 'ஈனா மீனா டீக்கா'!